கணக்கு தவறியது எங்கே?

மாதத்தின் கடைசி வேலை நாளன்று அலுவலகங்களில் ஒரு தனிப் பரபரப்பு உண்டு. சம்பளச் சீட்டு வந்துவிட்டதா என்று கேட்போரும், வந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போருமாக நடைவழியெங்கும் பேச்சாக இருக்கும். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், தில்லியிலுள்ள ஓர் அலுவலகத்தில் அப்பேச்சு சற்று உரக்கவே எழுந்தது. அவ்வலுவலகத்தின் லக்னோ, ஜெய்ப்பூர் கிளைகளில் பணிபுரிவோர் அனைவருக்கும் வீட்டு வாடகைப்படி குறைவாக வந்திருந்தது. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய் பெறுபவருக்கு 10,000 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 9,000 ரூபாயே வந்தது. சம்பளப் பட்டியலைத் தயாரித்தவர் பணியில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத இளைஞர். அவரிடம் விளக்கம் கோரும் குறிப்பாணை ஒன்று அன்று மாலையே எழுதப்பட்டு, மொழிபெயர்ப்புக்காக நமது மேசைக்கு வந்து சேர்ந்தது.

‘கவனக் குறைவு’ என்ற சொற்றொடர் அக்குறிப்பாணையில் மூன்று இடங்களில் இருந்தது. அதை மொழிபெயர்க்கப் புகுந்தபோதுதான் நமக்கு ஓர் ஐயம் பிறந்தது. கூட்டுவதும் பெருக்குவதும் கணினி. விகிதத்தை வகுத்தது அரசாங்க உத்தரவு. அப்படியிருக்க, அந்த இளைஞர் எந்த இடத்தில் கவனம் குறைந்தார்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இன்று பெரும் நிறுவனங்களின் கணக்கு வழக்குகளை நடத்திச் செல்லும் நிர்வாக மென்பொருள்களின் உள்ளமைப்பை ஓரளவேனும் அறிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இங்கே காண முயல்வோம்.

படிவமும் வெற்றிடங்களும்

கணினி வந்த தொடக்க காலத்தில், பெரிய நிறுவனங்கள் தத்தம் கணக்குக்கெனத் தனித்தனியே நிரல் எழுதுவித்துக்கொண்டன. கொள்முதல், விற்பனை, கணக்கு, சம்பளம் ஆகியவை எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடப்பவைதாமே, எல்லோருக்கும் பொதுவான மென்பொருள் ஒன்றை ஆக்கினால் என்ன என்று சிலர் எண்ணினர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஐந்து பேர் இக்கருத்துடன் வெளியேறி, 1972-ஆம் ஆண்டில் அன்றைய மேற்கு ஜெர்மனியில் தொடங்கியதே எஸ்.ஏ.பி. நிறுவனம். பின்னர் ஆரக்கிள் முதலிய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. நம் நாட்டு வணிகர்கள் நன்கறிந்த டாலியும் அளவில் சிறியதாயினும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

எஃகு ஆலைக்கும் மருந்துக் கம்பெனிக்கும் ஒரே மென்பொருள் எவ்வாறு பொருந்தும் என்று நேயர்கள் கேட்கலாம். கடையில் விற்கும் வாடகைப் பத்திரப் படிவத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அதில் அச்சடித்த வாசகங்கள் எல்லோருக்கும் பொது. வீட்டுக்காரர் பெயர், குடியிருப்பவர் பெயர், வாடகைத் தொகை, தொடங்கும் தேதி ஆகிய இடங்கள் மட்டும் காலியாக விடப்பட்டிருக்கும். அவற்றை நிரப்பியதும் அது ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குரிய பத்திரமாகிவிடுகிறது. நிர்வாக மென்பொருளும் அப்படிப்பட்ட ஒரு படிவமே. ஆனால் அதில் நிரப்பவேண்டிய வெற்றிடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கணக்காண்டு எந்த மாதத்தில் தொடங்குகிறது, விலைச்சீட்டு எண் எதிலிருந்து எதுவரை செல்லும், எந்தச் சரக்குக்கு எத்தனை சதவீத வரி, எவ்வளவு தொகைக்குமேல் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பன போன்றவை அவை. இவ்வெற்றிடங்களை நிரப்புவதையே ‘அமைவு’ என்கின்றனர்.

அமைவு என்பது ஒருவகையில் மொழிபெயர்ப்பே எனலாம். அலுவலகத்தின் விதி மனித மொழியில் இருக்கிறது. அது இயந்திரம் ஏற்கும் அட்டவணையாக மாற்றப்படுகிறது. மூலத்தில் ஒரு சொல்லை மாற்றிப் படித்தால் மொழிபெயர்ப்பு முழுவதும் பிசகுவதுபோல, அட்டவணையில் ஒரு கட்டம் பிசகினால் அதைத் தொடும் கணக்குகள் யாவும் பிசகும். இயந்திரம் பழுதாகவில்லை, நிரலிலும் குற்றமில்லை, எழுதிக் கொடுத்ததை அது அப்படியே செய்கிறது. அமைவுப் பிழையைக் கண்டறிவது கடினமாயிருப்பதற்குக் காரணம் இதுவே.

வேலையை நிறுத்தும் பிழைகள்

அமைவுப் பிழைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, வேலையை நிறுத்திவிடும். திரையில் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டும். இவை தொல்லை தருபவையாயினும் நேர்மையானவை.

நம் நாட்டில் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆகவே, இந்திய முறைப்படி அமைத்த மென்பொருளில் முதலாம் காலம் என்பது ஏப்ரல். பத்தாம் காலம் என்பது ஜனவரி. ‘பத்தாம் காலம் திறக்கப்படவில்லை’ என்ற செய்தியைக் கண்டு, அக்டோபர் மாதத்தைத் திறக்க முயன்று பயனின்றிப் போனவர்கள் உண்டு. மேலும், எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருளில் வாடிக்கையாளர் கணக்கு, சரக்கு வழங்குவோர் கணக்கு, பொதுப் பேரேடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் காலத்தைத் தனித்தனியே திறக்கவோ மூடவோ முடியும். பண்டசாலைச் சரக்குக்குரிய காலமோ வேறோர் இடத்தில் தனியாக நகர்த்தப்படுகிறது. கணக்குப் பிரிவினர் புதிய மாதத்தைத் திறந்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்வர். பண்டசாலையிலோ சரக்கை வரவு வைக்க இயலாது. இருவர் சொல்வதும் உண்மையே.

வரிசை எண்ணின் கதையும் இதைப் போன்றதே. விலைச்சீட்டின் எண் தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும், 16 எழுத்துகளுக்கு மிகாதிருத்தல் வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் இருமுறை வரலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரி விதிகள் கூறுகின்றன. ஆகவே பல நிறுவனங்கள் ஆண்டுதோறும் புதிய எண் வரிசையைத் தொடங்குகின்றன. மார்ச் 31-ஆம் தேதி இரவுவரை சீராக ஓடிய விற்பனை, ஏப்ரல் முதல் தேதி காலையில் நின்றுவிடும். வாயிலில் லாரிகள் காத்து நிற்கும். விலைச்சீட்டின்றி அவை புறப்பட இயலாது. காரணம், புதிய ஆண்டுக்குரிய எண் வரிசையை யாரும் உண்டாக்கவில்லை. சோதனைக் களத்தில் எல்லாம் சரியாக ஓடியதே என்று வியப்போர், எண் வரிசைகள் பெரும்பாலும் சோதனைக் களத்திலிருந்து தாமாக நடப்புக் களத்துக்கு வருவதில்லை, அங்கே தனியாகவே உண்டாக்கப்பட வேண்டும் என்பதை மறந்தவராவர்.

மூன்றாவது, அனுமதி இல்லை என்ற செய்தி. இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், அவ்வூழியருக்கு எல்லா அதிகாரங்களையும் வழங்கிவிடுவது. செய்தி உடனே மறைந்துவிடும். ஆனால் புதிய வியாபாரியின் பெயரைப் பதிவு செய்பவரும், அவ்வியாபாரிக்குப் பணம் வழங்குபவரும் ஒருவரேயாகிவிடுவர். மோசடிக்குக் கதவு திறப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. எந்த அனுமதி தடுக்கப்பட்டது என்பதை மென்பொருளே காட்டும். அந்த ஒன்றை மட்டும், அது அவருக்கு உரியதுதானா என்று ஆராய்ந்து வழங்குவதே முறை.

ஓசையின்றித் தவறும் பிழைகள்

இரண்டாம் வகையே அஞ்சத்தக்கது. வேலை நிற்காது, செய்தி வராது, கணக்கு மட்டும் தவறும்.

சரக்கு மற்றும் சேவை வரியில், விற்பவர் இடமும் சரக்கு சேரும் இடமும் ஒரே மாநிலமாயின் வரி மத்திய அரசுக்கும் மாநில அரசுக்குமாக இரு பங்காகும். வெவ்வேறு மாநிலங்களாயின் ஒருங்கிணைந்த வரி ஒன்றே. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இலக்கக் குறியீடு உண்டு: கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32. கொச்சியிலுள்ள கிடங்கை அமைவில் சேர்க்கும்போது 32-க்குப் பதில் 29 என்று ஒருவர் எழுதிவிட்டதாகக் கொள்வோம். கொச்சியிலிருந்து கொச்சிக்கே விற்ற சரக்கு, கர்நாடகத்திலிருந்து கேரளத்துக்கு விற்றதாகக் கணக்காகும். 9 சதவீதமும் 9 சதவீதமுமாகப் பிரியவேண்டிய வரி, ஒரே 18 சதவீதமாகச் சென்றுவிடும். மொத்தத் தொகை மாறாதாகையால் வாங்குபவருக்கும் ஐயம் எழாது. பின்னர் என்றேனும் இது வெளிப்படும்போது, சரியான வரியைச் செலுத்தி, தவறாகச் செலுத்தியதைத் திரும்பக் கோரும் வேலை தொடங்குகிறது. சட்டம் அதற்கு இடமளிக்கிறது. ஆனால் காலமும் உழைப்பும் எவ்வளவு!

தேதியும் இத்தகையதே. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய வரி மன்றத்தின் பரிந்துரைப்படி, செப்டம்பர் 22 முதல் ஏராளமான பொருள்களின் வரி விகிதம் மாறியது. 12 சதவீதத்திலிருந்த பல 5-க்கும், 28-இல் இருந்த பல 18-க்கும் இறங்கின. அமைவைத் திருத்த இருந்த அவகாசம் மூன்று வாரத்துக்கும் குறைவு. இத்தகைய சமயங்களில் பழைய விகிதத்தை அழித்து அதே கட்டத்தில் புதியதை எழுதுவது பெரும் தவறு. முன்பு விற்ற சரக்கு திரும்பி வந்தால், அதன் கணக்கும் புதிய விகிதத்தில் விழுந்துவிடும். பழைய வரிசைக்கு முடிவுத் தேதியும், புதிய வரிசைக்குத் தொடக்கத் தேதியும் இட்டு, இரண்டையும் வைத்திருப்பதே முறை.

ஐந்து வினாக்கள்

இனி அந்த வீட்டு வாடகைப்படிக்குத் திரும்புவோம். கணக்குப் பிரிவில், ஓய்வுபெறுவதற்கு ஆறு மாதமே இருந்த அதிகாரி ஒருவர் இருந்தார். கணினியை அவர் நடுவயதில்தான் கற்றார். ஆனால் பேரேட்டில் ஒரு ரூபாய் வித்தியாசத்தைத் தேடி இரவெல்லாம் உட்கார்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். நம் ஐயத்தை அவரிடம் சொன்னோம். அவர் திரையைத் தொடுமுன், வரிசையாகச் சில வினாக்களைக் கேட்டார்.

முதல் வினா: தவறு ஒருவருக்கா, பலருக்கா? ஒருவருக்கு மட்டுமாயின், அவரைப் பற்றிய விவரத்தில், அதாவது ஊர், பதவி, சேர்ந்த தேதி போன்றவற்றில், பிழை இருக்கும். ஒரு கூட்டத்தாருக்கே தவறியிருப்பின், அவர்களுக்குப் பொதுவான அமைவில் பிழை இருக்கும். இங்கே தவறியது இரு கிளைகள் முழுவதற்கும். ஆகவே தனியொருவர் விவரத்தைத் திருத்தி வந்த அந்த இளைஞரின் வேலைக்கும் இதற்கும் தொடர்பிருக்க இடமில்லை என்பது முதல் வினாவிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாம் வினா: எங்கே சரியாக இருக்கிறது? தில்லியில் சரியாக இருந்தது. தில்லி முதல் வகுப்பு நகரம். லக்னோவும் ஜெய்ப்பூரும் இரண்டாம் வகுப்பு நகரங்கள். தவறியவர்களைத் தவறாதவர்களினின்று பிரிக்கும் கோடு நகர வகுப்பே என்பது புலனாயிற்று.

மூன்றாம் வினா: எப்போது முதல்? நான்காம் வினா: அப்போது என்ன மாறியது? அகவிலைப்படி 2024 ஜனவரி 1 முதல் 50 சதவீதத்தை எட்டியதால், முன்பே வகுத்த விதிப்படி வீட்டு வாடகைப்படியின் விகிதங்களும் உயர்ந்தன. முதல் வகுப்பு நகரங்களுக்கு 27-லிருந்து 30 சதவீதம். இரண்டாம் வகுப்புக்கு 18-லிருந்து 20. மூன்றாம் வகுப்புக்கு 9-லிருந்து 10. குறைவாக வந்த 9,000 ரூபாய் என்பது 50,000 ரூபாயின் 18 சதவீதம். அதாவது, கணினி கணக்கில் தவறவில்லை. பழைய விகிதத்தை இன்னும் நடப்பில் உள்ளதாக நம்பிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் வினா: உத்தரவில் இருப்பதும் அட்டவணையில் இருப்பதும் ஒன்றா? உத்தரவின் பிரதியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, விகித அட்டவணையைத் திறந்து பார்த்தார். மூன்று வகுப்புகளுக்கும் புதிய வரிசைகள் இருந்தன. இரண்டாம் வகுப்பின் வரிசையில் 20 சதவீதம் என்றே எழுதியிருந்தது. தொடக்கத் தேதி மட்டும் 1-1-2024 என்பதற்குப் பதில் 1-1-2025 என்றிருந்தது. ஓர் இலக்கம்!

அத்தேதியைத் திருத்த அவர் உடனே முனையவில்லை. முதலில் சோதனைக் களத்தில் திருத்தி, மூன்று வகுப்புகளிலிருந்தும் சிலரது சம்பளத்தைக் கணக்கிட்டுக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டார். வேறெதுவும் அசையவில்லை என்று கண்ட பின்னரே, இன்னோர் அதிகாரியின் ஒப்புதலுடன் நடப்புக் களத்தில் திருத்தம் செய்யப்பட்டது. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்பது அவரது உறுதியான கொள்கை. நான்கை ஒருசேர மாற்றினால், பிழை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிடில், புதிதாக எதைக் கெடுத்தோம் என்றும் தெரியாது.

அவசரத்தின் விலை

இந்நிதானம் எத்துணை மதிப்புடையது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி ஒன்று சான்று. நைட் கேபிடல் என்பது பங்குச் சந்தையில் பிறருக்காகப் பங்குகளை வாங்கி விற்றுவந்த பெரிய நிறுவனம். 2012 ஆகஸ்ட் முதல் தேதிக்கென அது தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றத் திட்டமிட்டது. ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விடுபட்டுப்போயிற்று. அதைச் சரிபார்க்க இன்னொருவர் நியமிக்கப்படவில்லை. புதிய நிரலைத் தூண்டுவதற்கென வைத்த அடையாளக் குறியோ, முற்காலத்தில் வேறொரு வேலைக்குப் பயன்பட்ட அதே குறி. அப்பழைய வேலையை 2003-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டிருந்தனர். ஆனால் அதற்குரிய நிரலை அழிக்கவில்லை. சந்தை திறந்ததும், எட்டாவது சர்வரில் உறங்கிக்கிடந்த அந்நிரல் விழித்துக்கொண்டது.

வாடிக்கையாளர் கேட்ட 212 சிறிய கொள்வினை கொடுப்பினைகளை நிறைவேற்றப் புகுந்து, சுமார் 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பேரங்களை அது செய்து முடித்தது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்குமுன்பே பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களைக் கணினி தானாக அனுப்பியிருந்தது. அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. அதனினும் வருந்தத்தக்கது பின்னர் நடந்தது. பிழை புதிய நிரலில்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, அதைச் சரியாக ஏற்றியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் நீக்கினார்கள். ஒன்றில் இருந்த நோய் எட்டுக்கும் பரவிற்று. எங்கே சரியாக இருக்கிறது, எங்கே தவறாக இருக்கிறது என்ற இரண்டாம் வினாவைக் கேட்டிருந்தால், எட்டாவது சர்வர் தனித்து நின்றிருப்பது தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் வேறொன்றுடன் இணைந்து தன் தனித்தன்மையை இழந்தது.

சம்பளம் வராத ஊழியர்

நைட் கேபிடலில் போனது முதலாளிகளின் பணம். கனடாவில் துன்புற்றவர்கள் நம்மைப் போன்ற அரசாங்க ஊழியர்கள். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நாட்டு மத்திய அரசு, பீப்பிள்சாஃப்ட் என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட ‘ஃபீனிக்ஸ்’ சம்பள முறையைத் தொடங்கியது. ஏறத்தாழ 2,90,000 ஊழியர்களுக்கு, 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகளின்படி அது கணக்கிட வேண்டியிருந்தது. செலவையும் காலத்தையும் மிச்சம்பிடிக்கச் சில வசதிகள் கைவிடப்பட்டன. ஒரு துறையில் முன்னோட்டமாக நடத்திப் பார்ப்பதும் கைவிடப்பட்டது. விளைவு, சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு மிகுதியாக வந்து பின்னர் திருப்பிக் கேட்கப்பட்டது, சிலருக்கு வரவேயில்லை. வீட்டுக் கடனையும் குழந்தைகளின் செலவையும் மாதச் சம்பளத்தை நம்பி வகுத்துக்கொண்ட குடும்பங்கள் தத்தளித்தன. 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் இதைப் புரிந்துகொள்ள இயலாத தோல்வி என்றே வர்ணித்தார். விதிகளைத் திரையில் எழுதிவிட்டால் போதாது. எழுதியது விதியின் பொருளைத்தான் தருகிறதா என்று, விதியை அறிந்தவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் வேண்டியதில்லை.

எழுதி வைத்தல்

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அந்தத் தேதியைத் தவறாக எழுதியவர் யார்? விகித அட்டவணையை மாற்றும் அனுமதி அந்த இளைஞருக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது. எழுதியவர் வேறு பிரிவில் இருந்தார். ஒரே நாளில் பல அட்டவணைகளைத் திருத்தும் சுமை அவர்மேல் விழுந்திருந்தது. எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரியென்று சொல்லும் வழக்கமும் அங்கே இல்லை. அவருக்குக் குறிப்பாணை அனுப்புவதாலும் பயனில்லை என்று கணக்கு அதிகாரி வாதாடினார். இரண்டாவது கண் வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்தால் போதும் என்றார். மேலதிகாரி அதை ஏற்றுக்கொண்டார்.

பிழையைக் கண்டறியும் கலை, உண்மையில், பழியை உரிய இடத்தில் வைக்கும் கலையும் ஆகும். ‘கணினி அப்படிக் காட்டுகிறது’ என்ற ஒரே வாக்கியத்தைக்கொண்டு எளியவர் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடுவது மிகவும் சுலபம். அவ்வாறு செய்தால் அட்டவணையிலுள்ள பிழை அப்படியே இருக்கும். அடுத்த மாதம் வேறொருவர் பலியாவார்.

நாம் பாதிவரை மொழிபெயர்த்திருந்த குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. நிலுவைத் தொகை மே மாதச் சம்பளத்துடன் இரு கிளைகளுக்கும் சென்று சேர்ந்தது. அந்த இளைஞர் இப்போது ஒரு தடித்த குறிப்பேடு வைத்திருக்கிறார். எந்த அட்டவணை, எந்த வரிசை, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, எந்த உத்தரவின்படி, யார் மாற்றினார், யார் சரிபார்த்தார் என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏழு கட்டங்கள் வரைந்திருக்கிறார். ஓய்வுபெற்ற அதிகாரி விடைபெற்ற நாளில் அதன் முதல் பக்கத்தில் கையெழுத்திட்டுச் சென்றாராம்.